பிபிஏ: நாற்காலியில் யார், குழிக்குள் யார்

2023இல் டத்தோ கே. பத்மநாதன் பினாங்கு நீர் விநியோகக் கழகத்தின் (சுருக்கமாக பிபிஏ) தலைமைச் செயல்முறை அதிகாரியானபோது நான் இருக்கிற வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் ஒரே வாழ்த்துமழை. கோயில் குழு, பழைய மாணவர் குழு, எங்கள் அடுக்குமாடிக் குழு, ஒன்றும் பாக்கியில்லை. 'நம்ம ஆளு' என்று ஒருவர் போட, அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பல்கள். அதில் ஒன்று என்னுடையது. சந்தோஷம்தான், ஏன் மறைக்க வேண்டும்? இந்த மாநிலத்தில் தண்ணீர் வேலையின் அடிமட்டத்தில் நம்மவர்கள் எத்தனையோ தலைமுறையாகக் குழி வெட்டியிருக்கிறார்கள், உச்சியில் ஒரு தமிழ்ப் பெயரைப் பார்க்க ஆசை இருக்காதா என்ன.

ஆனால் அதற்குப் பிறகு அந்தக் குழுக்களில் பிபிஏ பேச்சு வருவது இரண்டே சமயத்தில்தான். தண்ணீர் நின்றால், இல்லையென்றால் பில் ஏறினால். இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: மேலே உட்கார்ந்திருக்கிறவர்கள் என்னதான் செய்கிறார்கள்? கேட்க வேண்டிய கேள்விதான், தப்பில்லை. எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு, அதை இதுவரை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. இன்று ராத்திரி இரண்டு மணிக்கு ஜெலுத்தோங்கில் ஒரு பெரிய குழாய் வெடித்தால் எந்த வால்வை, எந்தப் பக்கம், எத்தனை சுற்றுத் திருக வேண்டும் என்று தெரிந்த ஆள் இருக்கிறார். சரி. பத்து வருஷம் கழித்து இருப்பாரா?

மேலே யார் என்பதை முதலில் பார்த்துவிடுவோம், அதிலும் சுவாரசியம் இருக்கிறது. ஜோர்ஜ்டவுனுக்குக் குழாய்த் தண்ணீர் வந்த கதை மிகப் பழையது, தண்ணீர்மலைப் பக்கத்து நீர்வீழ்ச்சியிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் எடுத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே. நம் முருகன் கோயில்கூட முதலில் அந்த நீர்வீழ்ச்சி ஓரமாகத்தான் இருந்தது, தண்ணீர் தேக்க இடம் வேண்டும் என்று வெள்ளைக்காரன் கேட்டதால்தான் நகர்ந்தது என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பிறகு நகரத்துக்குச் சிட்டி கவுன்சிலின் நீர் இலாகா, மற்ற இடங்களுக்கு மாநிலப் பொதுப்பணி என்று இரண்டாக நடந்த வேலையை 1973இல் ஒன்றாக்கிப் பினாங்கு நீர் வாரியம் அமைத்தார்கள். 1999இல் அது கழகமாக, அதாவது கம்பெனியாக மாறியது. 2002இல் அதன் தாய் நிறுவனமான பிபிஏ ஹோல்டிங்ஸ் பங்குச்சந்தைக்கே போய்விட்டது. கம்பெனி, பங்குச்சந்தை என்றெல்லாம் கேட்டதும் தனியார் கைக்குப் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், பெரும்பான்மைப் பங்கு மாநில அரசிடம்தான். தலைவர் நாற்காலியில் உட்காருவது மாநில முதலமைச்சர். லிம் குவான் எங் முதலமைச்சராக இருந்தபோது அவர், இப்போது சாவ் கொன் இயோவ்.

முதலமைச்சரே தண்ணீர்க் கம்பெனிக்கும் தலைவர் என்பது சரியா? என் நண்பர் ஒருவர், கணக்காய்வாளர், இதைக் கேட்டாலே முகம் சுளிப்பார். நிர்வாகத்தைக் கேள்வி கேட்க வேண்டியவரே நிர்வாகத்தின் தலைமாட்டில் உட்கார்ந்தால் யார் யாரைக் கேட்பது என்பார். நியாயம்தான். ஆனால் பினாங்கின் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் கதை வேறு. நமக்கு வரும் தண்ணீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் மூடா ஆற்றிலிருந்து எடுத்து, செபராங் பிறையில் சுங்கை டுவா நிலையத்தில் சுத்திகரித்து, தீவுக்குக் கடலுக்கடியில் குழாய் வழியாக அனுப்புவது. அந்த ஆறு வருவது கெடாவிலிருந்து. ஆண்டுக்கு 5 கோடி ரிங்கிட் கொடு என்று கெடாவின் மந்திரி புசார், அதாவது அந்த மாநில முதல்வர், சனுசி கேட்கிறார், எங்கள் கரையில் ஓடுகிற தண்ணீரைத்தான் எடுக்கிறோம், தர முடியாது என்கிறது பினாங்கு. பேராக் ஆற்றிலிருந்து கொண்டுவரலாம் என்று பல வருஷமாகப் பேச்சு, அதற்குப் பேராக் சம்மதிக்க வேண்டும், அவர்களோ சுத்திகரிக்காத ஆற்றுத் தண்ணீரை விட சுத்திகரித்த தண்ணீரை விற்பதில்தான் ஆர்வம் காட்டுகிறார்கள். இந்தப் பேரங்களுக்கெல்லாம் ஒரு பொறியியலாளரை அனுப்பி வைத்தால் எதிர்த் தரப்பு காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடும். எனவே தலைவர் நாற்காலியில் அரசியல் கனம் உள்ளவர் இருக்கட்டும் என்பது என் கட்சி.

நிபந்தனை ஒன்று. அவருக்குக் கீழே, அன்றாடம் நடத்துகிறவர், தண்ணீரைத் தொழிலாகத் தெரிந்தவராக இருக்க வேண்டும், அடிக்கடி மாறவும் கூடாது. இதில் பினாங்குக்கு ஒரு நல்ல பழக்கம் இருந்திருக்கிறது. நீர் வாரியக் காலத்துப் பொது மேலாளர் காம் யூ டீயைப் பற்றி அந்தக் காலத்து ஆட்கள் இன்றும் பேசுவார்கள். கழகமானபின் ஜசேனி மைடின்சா தலைமைச் செயல்முறை அதிகாரியாகப் பல ஆண்டுகள் இருந்தார், பத்திரிகைக்கு அறிக்கை விட்டுக்கொண்டே இருப்பார், சில சமயம் நமக்கே சலித்துப் போகும், ஆனால் அணையில் எத்தனை விழுக்காடு தண்ணீர் இருக்கிறது என்று இந்த மாநிலத்துச் சாதாரண ஆளுக்கும் தெரிந்திருந்தது என்றால் அதற்கு அந்த அறிக்கைகளும் ஒரு காரணம்.

சிலாங்கூர், கோலாலம்பூர் பக்கம் என்ன நடந்தது என்று பாருங்கள். சுத்திகரிப்பது மூன்று கம்பெனி, வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது சபாஷ் என்கிற இன்னொன்று. (பெயர்தான் சபாஷ், யாரும் அப்படிச் சொன்னதாக ஞாபகமில்லை.) மத்திய அரசும் மாநில அரசும் எதிரெதிர்க் கட்சிகளாக இருந்த வருஷங்களில் இவற்றை ஒன்றாக்குவதற்கு இழுபறியோ இழுபறி, கடைசியில் 2019இல் அந்த மூன்றில் ஒன்றான ஸ்பிளாஷை வாங்கியபோதுதான் எல்லாம் ஆயர் சிலாங்கூர் என்ற ஒரே குடைக்குள் வந்தது. இடையில் 2014இல் அங்கே மாதக்கணக்கில் தண்ணீர்ப் பங்கீடு. என் அக்கா காஜாங்கில் இருந்தார், போனில் பேசினால் முதல் கேள்வியே 'அங்க தண்ணி வருதா' என்பதுதான்.

சரி, நாற்காலிக் கதை போதும். குழிக்கு வருவோம்.

என் பெரியப்பா சிட்டி கவுன்சில் நீர் இலாகாவில் கூலியாகச் சேர்ந்தவர். அதே வேலை, அதே லோரி, அதே தெருக்கள், ஆனால் சம்பளச் சீட்டில் மட்டும் முதலாளி பெயர் இரண்டு முறை மாறியது: கவுன்சில், வாரியம், கழகம். கம்பெனியாக்கப் போகிறார்கள் என்றபோது பென்சன் என்னாகும் என்று வீட்டில் பெரியம்மா அழாத குறை. அவரோ, 'எவன் முதலாளியா வந்தாலும் குழாய் கசியத்தான் செய்யும்' என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அவர் வேலை என்னவென்று எனக்கு உருப்படியாகப் புரிந்தது அவர் ஓய்வு பெற்ற பிறகுதான். டத்தோ கெராமட் சாலையில் ஒரு நாள் அவரோடு நடந்து போகும்போது நடைபாதையில் இருந்த ஒரு சின்ன இரும்பு மூடியைக் காலால் தட்டி, 'இது எதிர்ப்பக்கம் மூடும்' என்றார். என்ன எதிர்ப்பக்கம்? சாதாரணமாக வால்வை வலப்பக்கம் திருகினால் மூடும், நம் வீட்டுக் குழாய் மாதிரி. ஆனால் பழைய வால்வுகளில் சில இடப்பக்கம் திருகினால்தான் மூடும், எந்தக் காலத்திலோ எங்கிருந்தோ வாங்கிப் போட்டவை. இது தெரியாத ஒருவன் அவசரத்தில் மூடுகிறேன் என்று வலப்பக்கம் முழு பலத்தோடு திருகினால் ஒன்று, ஏற்கெனவே திறந்திருக்கிற வால்வை இன்னும் திறக்கப் பார்த்துத் தண்டை உடைத்துவிடுவான். அல்லது மூடிவிட்டோம் என்று நம்பிக் குழிக்குள் இறங்குவான். இரண்டுமே நடக்கக் கூடியவைதான் என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா தேநீர்க் கடையைப் பார்த்து நடந்தார்.

பெரிய வால்வுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. மேலே நின்றபடி, ஆள் உயரத்துக்கு இருக்கும் 'டி' வடிவ இரும்புச் சாவியை உள்ளே இறக்கி, இரண்டு பேர் சுற்றி நடந்து திருக வேண்டும். நூறு சுற்றுக்கு மேல் போகிற வால்வும் இருக்கிறது, வாய்விட்டு எண்ணிக்கொண்டேதான் திருகுவார்களாம், எண்ணிக்கை விட்டுப்போனால் முழுசாக மூடியிருக்கிறதா என்று உறுதியில்லை. கடைசிச் சுற்றுகளை மெதுவாகத்தான் முடிக்க வேண்டும். வேகமாக மூடினால் ஓடிவருகிற தண்ணீர் திடீரென்று முட்டி நின்று, அந்த அதிர்ச்சி குழாய் முழுக்கப் பின்னால் ஓடி, எங்கேயோ ஒரு பழைய குழாய் இணைப்பை உடைக்கும். ஒரு வெடிப்பைச் சரிசெய்யப் போய் இரண்டாவது வெடிப்பு. இதற்கு வாட்டர் ஹேமர் என்று பெயர் இருக்கிறது, இயந்திரவியல் படித்தவர்களுக்குச் சூத்திரம்கூடத் தெரியும். பெரியப்பாவுக்குக் கையில் தெரியும்.

அப்புறம் கசிவு கேட்கிற வேலை. இது இன்னும் அழகு. ஒரு நீளமான இரும்புக் கம்பி, ஒரு முனையில் மரக்குமிழ். கம்பியின் மறுமுனையை வால்வின் மேலோ மீட்டரின் மேலோ வைத்துக் குமிழில் காதைப் பொருத்தினால், பூமிக்கடியில் கசிகிற தண்ணீர் மெல்லச் சீறுவது கேட்கும். பகலில் முடியாது, வண்டிச் சத்தம். எல்லாரும் தூங்கியபின் ஒரு மணி, இரண்டு மணிக்குத்தான். நாய் துரத்தியிருக்கிறது, திருடன் என்று நினைத்து யாரோ போலீஸுக்குப் போன் போட்டிருக்கிறார்கள். இப்போது மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன, இரண்டு இடத்தில் உணரியை வைத்தால் நடுவில் எங்கே கசிவு என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது. ஆனால் அந்தக் கருவி காட்டுகிற இடத்தில் இருப்பது கசிவா, பக்கத்துக் கடையின் பம்பு ஓடுகிற சத்தமா என்று பிரித்துச் சொல்ல இன்னும் ஒரு காது வேண்டியிருக்கிறது.

இது ஏதோ பழைய ஆட்களின் பெருமைக் கதை என்று நினைத்துவிட வேண்டாம். பணக் கதை. சுத்திகரித்து அனுப்பியும் பில்லாகத் திரும்பி வராத தண்ணீரை 'வருமானம் தராத நீர்' என்கிறார்கள்: கசிவு, திருட்டு, ஓடாத மீட்டர் எல்லாம் சேர்த்து. நாடு முழுவதற்குமான சராசரி மூன்றில் ஒரு பங்குக்கு மேல். கிளந்தான், பெர்லிஸ் போன்ற மாநிலங்களில் பாதிக்கு மேலேயே போகிறது. பினாங்கு நீண்ட காலமாக இந்தச் சராசரிக்கு நன்றாகக் கீழே இருந்து வந்திருக்கிறது. அதற்குக் காரணம் மேல்மாடியில் எடுத்த முடிவு மட்டும் என்று யாராவது சொன்னால் ராத்திரி இரண்டு மணிக்குத் தெருவில் கம்பியோடு நின்றவர்களுக்குக் கோபம் வரும்.

சுத்திகரிப்பு நிலையத்துக்குள்ளும் இதே கதைதான். அங்கே ஷிப்டு வேலை, தீபாவளி, ஹரிராயா, சீனப்புத்தாண்டு எதுவும் கிடையாது, ஆறு விடுமுறை எடுப்பதில்லையே. மழை பெய்து ஆறு கலங்கினால் அடுத்த சில நிமிடங்களில் படிகாரத்தின் அளவை மாற்ற வேண்டும். எவ்வளவு மாற்றுவது? ஆறு கண்ணாடிக் குவளையில் அதே ஆற்றுத் தண்ணீரை ஊற்றி, ஒவ்வொன்றிலும் வேறு வேறு அளவு படிகாரம் போட்டுக் கலக்கி, எதில் அழுக்கு நன்றாகத் திரண்டு அடியில் படிகிறது என்று கண்ணால் பார்க்கிற சோதனை இன்னும் இருக்கிறது. குறைவாகப் போட்டால் கலங்கல் வடிகட்டிக்குப் போகும், கூடுதலாகப் போட்டால் காசும் போகும், தண்ணீரின் காரத்தன்மையும் குலையும். ஷிப்டில் இருக்கிறவர் அனுபவசாலியாக இருந்தால் ஆற்றின் நிறத்தைப் பார்த்தே எந்தக் குவளை ஜெயிக்கும் என்று முன்கூட்டிச் சொல்லிவிடுவார்.

2020 செப்டம்பர் 3 கோலாலம்பூர்க்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். சிலாங்கூர் ஆற்றில் கழிவு கலந்து வாடை வந்து நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள், ஏறக்குறைய 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் இல்லை. அப்போது செய்தியில் அடிக்கடி 'வாடை அளவு பூஜ்ஜியம் வந்தால்தான் நிலையத்தைத் திறப்போம்' என்று சொன்னார்கள். அந்த வாடை அளவை அளக்கிற கருவி என்ன தெரியுமா? மனிதர்களின் மூக்கு. ஆற்றுத் தண்ணீரை வாடையில்லாத தண்ணீரோடு கலந்து கலந்து, எந்த அளவில் மூக்குக்கு வாடை தெரியாமல் போகிறது என்று முகர்ந்து பார்ப்பதுதான் அந்தச் சோதனை. கோடிக்கணக்கில் போட்டுக் கட்டிய நிலையத்தைத் திறப்பதா மூடுவதா என்பது, பயிற்சி பெற்ற சில ஊழியர்களின் மூக்கைப் பொறுத்தது. சளி பிடித்திருந்தால் அன்றைக்கு அவருக்கு வேறு வேலைதான்.

2024 ஜனவரியில் நம் பக்கமும் ஒரு பெரிய நாள் வந்தது. சுங்கை டுவாவில் 1,200 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு வால்வுகளை மாற்ற வேண்டும் என்று 10ஆம் தேதியிலிருந்து 14 வரை திட்டமிட்ட நீர்த் தடை. ஏறக்குறைய 5,90,000 பயனீட்டாளர்கள். பொங்கலுக்கு முந்தின வாரம்! வீடு கழுவுகிற வாரத்தில் தண்ணீர் இல்லையென்றால் நம் வீட்டுப் பெண்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை, உங்கள் வீட்டிலும் கேட்டிருக்கும். எங்கள் குழுவில் 'இரண்டு வால்வு மாற்ற நாலு நாளா' என்று ஒருவர் போட்டார். வால்வைக் கழற்றுவதும் மாட்டுவதும் கொஞ்ச நேர வேலைதான், மீதி நேரம் எதற்கென்றால் மாநிலம் முழுக்கக் காலியாகிப் போன குழாய்களைப் பழையபடி நிரப்பத்தான். அவசரப்பட்டு ஒரேயடியாகத் திறந்துவிட முடியாது, உள்ளே சிக்கிய காற்றை வழி நெடுக வெளியேற்றி, அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மேட்டுப் பகுதிக்கும் கடைக்கோடிக்கும் கடைசியில்தான் தண்ணீர் போய்ச் சேரும், அதனால்தான் ஒரே ஊரில் உங்கள் வீட்டுக்கு வந்த தண்ணீர் மேலே உள்ள மச்சான் வீட்டுக்கு மறுநாள் வருகிறது. அந்த நாலு நாளும் வால்வு வால்வாகப் போய்த் திறந்து மூடிக்கொண்டிருந்தவர்களின் படம் எந்தப் பத்திரிகையின் முதல் பக்கத்திலும் என் கண்ணில் படவில்லை.

இந்த ஆட்களுக்குப் பின்னால் யார்? இங்கேதான் எனக்கு நெருடுகிறது.

பினாங்கில் கைத்திறனும் கொஞ்சம் மின்னணுவும் தெரிந்த ஒரு பையன் பாலிடெக்னிக் முடித்து வெளியே வந்தால் அவனுக்கு முன்னால் இருப்பது பாயான் லெப்பாஸ். 1972இலிருந்து அங்கே தொழிற்சாலைகள். குளிர்சாதன அறை, ஓவர்டைம், போனஸ், நண்பர்கள் எல்லாரும் அங்கே. அதுவும் போதாதென்றால் சிங்கப்பூர். இந்தப் பக்கம் தண்ணீர்க் கம்பெனியில் ஷிப்டு, சேறு, ராத்திரி அழைப்பு, போதாக்குறைக்கு வாட்ஸ்அப்பில் திட்டு. வேடிக்கை என்னவென்றால் அதே தொழிற்சாலைகள்தான் மேலும் மேலும் தண்ணீர் கேட்கின்றன, அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்து அனுப்ப வேண்டிய தொழில்நுட்ப ஆட்களையும் அவையே இழுத்துக்கொள்கின்றன.

சம்பளத்தைக் கூட்டிக் கொடுக்கலாமே என்றால், கட்டணம் குறைவு. பினாங்கின் வீட்டுக் கட்டணம் நாட்டிலேயே மலிவான வரிசையில் பல வருஷம் இருந்தது, மலிவு என்பதை ஒரு சாதனையாகவே மேடையில் சொன்னார்கள். தலைவர் நாற்காலியில் முதலமைச்சர் இருப்பதன் மறுபக்கம் இதுதான்: ஓட்டுக் கேட்க வேண்டியவருக்குப் பில்லை ஏற்ற மனசு வராது. இத்தனைக்கும் 2006ஆம் ஆண்டின் நீர்ச் சேவைச் சட்டப்படி தீபகற்பத்தில் கட்டணத்தைப் பார்த்துக்கொள்வது மத்திய அரசுத் தரப்பு, ஸ்பான் என்கிற தேசிய நீர்ச் சேவை ஆணையம் வழியாக. 2023இல் அதற்குத் தலைவராக நியமனம் பெற்றவர் முன்னாள் கிள்ளான் எம்பி சார்ல்ஸ் சந்தியாகோ, தண்ணீரைத் தனியாருக்கு விடாதே என்று வருஷக்கணக்கில் குரல் கொடுத்தவர். 2024 பிப்ரவரி 1 முதல் வீட்டுக் கட்டணம் சராசரியாக ஆயிரம் லிட்டருக்கு 22 சென் ஏறியது. ஆயிரம் லிட்டருக்கு! ஒரு பாட்டில் தண்ணீருக்கு ஒரு ரிங்கிட் கொடுத்துவிட்டு மீதியை வாங்க மறக்கிறவர்கள் இந்த 22 சென்னுக்குப் போட்ட பதிவுகளை எல்லாம் படித்தேன். கஷ்டப்படுகிற குடும்பங்கள் உண்டு, அவர்களுக்குத் தனியாக உதவி செய்ய வேண்டும், அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் நாட்டிலேயே ஆளுக்கு அதிகம் தண்ணீர் செலவழிக்கிற மாநிலம் பினாங்கு. கார் கழுவுகிற தண்ணீருக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் குழாய் திருத்துகிற பையனுக்கு மரியாதையான சம்பளம் கொடுக்கலாம் என்று சொன்னால் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்னவோ.

ஆள் போதாதபோது எல்லா நிறுவனங்களும் எடுக்கிற வழி குத்தகை. தோண்டுவது, குழாய் பதிப்பது, தார் போடுவது எல்லாம் குத்தகைக்காரர் கையில். இது உலகமெங்கும் உள்ளதுதான், குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் குத்தகைக்காரரின் ஆள் இன்றைக்கு இங்கே, அடுத்த மாதம் ஜொகூரில். அவனுக்கு அந்த இடப்பக்க வால்வு ஞாபகத்தில் நிற்குமா? வரைபடத்தில் ஏற்றிவிட்டார்கள், கணினியில் எல்லாம் இருக்கிறது என்பார்கள். நல்லது. வரைபடத்தில் ஏற்றியதைச் சரிபார்க்க ஒருமுறையாவது அந்த மூடியைத் திறந்து பார்க்க வேண்டும், சாலையை மறுபடி மறுபடி தார் போட்டு உயர்த்தும்போது அந்த மூடியே தாருக்குள் புதைந்து போகிறது, தேடித் தோண்டி எடுக்க மறுபடியும் ஒரு பழைய ஆள் வந்து 'இங்கே வெட்டு' என்று காலை ஊன்றிக் காட்ட வேண்டியிருக்கிறது.

நம் சமூகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பெரியப்பா காலத்தில் இந்த வேலையில் தமிழர்கள் நிறைய. அவர் பிள்ளைகளில் ஒருவர்கூட அந்தப் பக்கம் போகவில்லை, போக வேண்டாம் என்று அவரே சொன்னார், கூலி என்று கூப்பிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இன்றைக்கு அங்கே இருப்பது பழைய கூலி வேலை இல்லை. நிலையத்தில் கட்டுப்பாட்டு அறை இருக்கிறது, திரையில் பம்பும் அணை மட்டமும் ஓடுகிறது, ஆய்வகம் இருக்கிறது, எஸ்பிஎம் பள்ளித் தேர்வுக்குப் பிறகு திறன் சான்றிதழோ டிப்ளோமாவோ எடுத்தவர்களுக்கு இடமிருக்கிறது. மெங்குவாங் அணையை 120 கோடி ரிங்கிட் செலவில் 8,640 கோடி லிட்டர் பிடிக்கிற அளவுக்குப் பெரிதாக்கினார்கள். தண்ணீர் வந்து நிற்கும், அதை இறக்கிச் சுத்தம் செய்து அனுப்ப ஆள் வேண்டாமா? டாக்டர், வக்கீல், இல்லையென்றால் சொந்தத் தொழில் என்று மட்டும் சொல்லிப் பிள்ளைகளை வளர்த்துவிட்டு, உச்சியில் தமிழர் வந்ததும் கைகூப்பல் போடுவது எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது.

இனி மேலே இருக்கிறவர்களை எப்படிக் கேள்வி கேட்பது என்பதற்கு வருகிறேன். பிபிஏ ஹோல்டிங்ஸ் பங்குச்சந்தையில் இருப்பதால் அதன் ஆண்டறிக்கை எல்லாருக்கும் திறந்தது, இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நூறு பங்கு வாங்கி வைத்தால் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கே போகலாம். அறிக்கையின் முன்பக்கத்தில் இயக்குநர் வாரிய உறுப்பினர்களின் படமும், யார் எத்தனை கூட்டத்துக்கு வந்தார்கள் என்ற கணக்கும் இருக்கும், அதை எல்லாரும் பார்ப்பார்கள். நான் சொல்வது பின்பக்கம். பங்குச்சந்தை விதிப்படி 2023 முடிவிலிருந்து முதன்மைச் சந்தையில் உள்ள கம்பெனிகள் ஊழியர்களின் வயதுப் பிரிவு, ஒவ்வொரு தரத்திலும் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள், எத்தனை மணி நேரம் பயிற்சி கொடுத்தார்கள், குத்தகை மற்றும் தற்காலிக ஆட்கள் எத்தனை விழுக்காடு என்றெல்லாம் வெளியிட வேண்டும். சின்ன எழுத்தில், நிலைத்தன்மை அறிக்கை என்ற தலைப்பில் இருக்கும், யாரும் திரும்பிப் பார்க்காத பக்கம். தண்ணீர்க் கம்பெனிக்கு அதுதான் முதல் பக்கமாக இருக்க வேண்டும் என்பேன். அங்கே பார்க்க வேண்டியது இரண்டு எண்கள்தான்: அலுவலகத்துக்கு வெளியே வேலை செய்கிறவர்களில் ஐம்பதைத் தாண்டியவர்கள் எவ்வளவு, முப்பதுக்குக் கீழே எவ்வளவு. முதல் எண் பெரிதாகவும் இரண்டாவது சிறிதாகவும் இருந்தால், லாபம் எவ்வளவு என்று கேட்பதை விட்டுவிட்டு, ஓய்வு பெறப்போகிற ஒவ்வொருவரோடும் எத்தனை மாதம் ஒரு இளைஞரைச் சேர்த்து அனுப்புகிறீர்கள் என்று கேளுங்கள். ஒரு வருஷமாவது வேண்டும் என்பது பெரியப்பாவின் கணக்கு, மழைக்காலமும் வறட்சியும் ஒருமுறை பார்க்க வேண்டுமாம்.

எதிர்வீட்டுப் பையன் டிப்ளோமா முடித்துவிட்டு இந்த மாதிரி ஒரு வேலைக்கு மனுப் போட்டிருக்கிறான், எந்த மாநிலத்தில் என்று சொல்ல மாட்டேன். நேர்முகத்துக்குப் போகும் முன் பெரியப்பாவிடம் கூட்டிப் போனேன். அவர் பாடம் எதுவும் நடத்தவில்லை. ஷிப்டு அலவன்ஸ் எவ்வளவு, ராத்திரி கூப்பிட்டால் பெட்ரோல் காசு உண்டா, குழிக்குள் இறங்கும் முன் காற்றைச் சோதிக்கிற கருவி கொடுப்பார்களா, இந்த மூன்றையும் கேட்டு எழுத்தில் வாங்கு என்றார். பையன் போனில் குறித்துக்கொண்டான். முடிவு அடுத்த மாதம் தெரியும்.